தொலைதூரத்தில் நிற்கும் பழைய பத்மினி, அம்பாசடரை வாங்கி சேலம் கொண்டுவர: முழுமையான வழிகாட்டி

சேலத்தில் இருந்தபடியே மும்பையிலோ கொல்கத்தாவிலோ நிற்கும் பழைய காரை வாங்குபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். போட்டோவைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுக்கிறார்கள். அன்று இரவே அட்வான்ஸ் போய்விடுகிறது. மறுநாள் லாரி பேசுகிறார்கள். வண்டி வாசலில் இறங்கிய பிறகுதான் ஆர்.சி. புக்கைப் பிரித்துப் படிக்கிறார்கள். நான் இதுவரை இரண்டு பத்மினியும் ஓர் அம்பாசடரும் இப்படித் தூரத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சிலருக்கு உடன் நின்றும் செய்து கொடுத்திருக்கிறேன். கையைச் சுட்டுக்கொண்ட ஒவ்வொருவரும் சறுக்கியது வரிசையில்தான். காகிதம் முதலில், தகரம் அடுத்து, பணம் அதற்குப் பிறகு, லாரி கடைசி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே இருக்கின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இது இந்தியாவுக்குள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வரும் வண்டிகளுக்கு மட்டும்.

1. தேடத் தொடங்கும் முன்

முதலில் கூரை போட்ட இடம். சேலம் வெயிலில் ஆறு மாதம் திறந்த வெளியில் நின்றால் ரப்பர் பீடிங் வெடிக்கும், டாஷ்போர்டு விரியும், பெயின்ட் வெளுக்கும். ஏற்காட்டில் வைக்கப்போகிறீர்கள் என்றால் பிரச்சினை வேறு: மலை மூடுபனியும் ஈரமும் தகரத்தைத் தின்னும். அங்கே பிளாஸ்டிக் தார்ப்பாயால் வண்டியை மூடுவது மூடாமல் விடுவதைவிட மோசம். உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் துரு வேகமாகப் பிடிக்கும். காற்றுப் புகும் பருத்தித் துணி உறைதான் சரி.

அடுத்து மெக்கானிக். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டும் கையில் எடுத்துப் பழகிய ஒருவர் சேலத்தில் உங்களுக்கு இருக்கவேண்டும். அவர் ‘சரி’ என்று சொன்ன மாடலை மட்டும் தேடுங்கள். பத்மினி 1089 சிசி. பழைய அம்பாசடர் 1489 சிசி. பின்னால் வந்த அம்பாசடரில் 1800 சிசி இசுசு எஞ்சினும் உண்டு. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) உண்டு; மற்ற இரண்டிலும் பாடியே சேஸிஸ். இந்த வேறுபாடு பின்னால் துரு பார்க்கும்போது முக்கியமாகும்.

கையிலுள்ள பணத்தை முழுவதும் வண்டி விலைக்கு ஒதுக்காதீர்கள். லாரி வாடகை, வரி, டயர், பிரேக் வேலை ஆகியவற்றுக்குத் தனியே எடுத்துவைத்துவிட்டு மீதியில்தான் பேரம்.

2. முதல் போன்

விலை பேசாமல் இவற்றைக் கேளுங்கள். ஆர்.சி.யில் இருப்பது யார் பெயர், பேசுபவர் அவருக்கு என்ன உறவு, ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, வண்டி கடைசியாக எப்போது ஓடியது. உண்மையாக விற்பவர் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்வார், இல்லையென்றால் ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்பார்.

‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், வண்டி முகாமில் நிற்கிறது, லாரிக்கு மட்டும் பணம் அனுப்புங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். நாடு முழுக்க நடக்கும் மோசடி அது. அடையாள அட்டை, சீருடைப் படம், ஆர்.சி. படம் எல்லாம் வரும். அத்தனையும் வேறு யாருடையதோ. பணம் பெறுவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாலும் அதே கதைதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் தொகையை வங்கியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது.

3. காகிதம்

இந்தப் படியில் பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை. பழைய காரில் துருவை அறுத்து வெல்டிங் வைக்கலாம், எஞ்சினை இறக்கி ஏற்றலாம். காகிதக் கோளாறைச் சேலத்தில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது.

ஆர்.சி. புக்கின் எல்லாப் பக்கங்களையும் படமாக வாங்குங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. பிறகு வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். பழைய வண்டிகளில் பாதிச் சிக்கல் இங்கேயே தெரிந்துவிடும். இரண்டு எழுத்து மாநிலக் குறியீடு 1989-இல் வந்தது. அதற்கு முந்தைய மூன்று எழுத்து எண் கொண்ட வண்டிகள் பலவும் கணினிப் பதிவில் ஏறாமலே இருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டிக்கு விற்பவர் தன் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்கவேண்டும். ‘பேக்லாக் என்ட்ரி’ என்பார்கள். அது முடியாமல் என்.ஓ.சி.க்கு, அதாவது வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபம் இல்லை என்ற சான்றுக்கு, விண்ணப்பிக்கவே முடியாது. ‘அதெல்லாம் உங்கள் ஊரிலேயே செய்துகொள்ளலாம்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பழைய ஏடு அவருடைய அலுவலகத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, ஆர்.சி. செல்லும் தேதி. தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். காலாவதி ஆகியிருந்தால் விற்பவர் படிவம் 25 கொடுத்து, வண்டியை அங்கேயே ஆய்வாளரிடம் நேரில் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். கட்டணமும் சிறியதில்லை. 15 ஆண்டு தாண்டிய காருக்கு 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கினார்கள். தாமதத்துக்கு மாதக் கணக்கில் அபராதம் தனி. இந்தச் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.யில் இருப்பவர் காலமாகிவிட்டாரா? தாத்தா வாங்கிய கார் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். முதலில் வாரிசு ஒருவர் பெயருக்குப் படிவம் 31 வழியாக மாறவேண்டும், அதன்பிறகே உங்களுக்கு விற்பனை. மற்ற வாரிசுகளின் சம்மதம் எழுத்தில் வேண்டும். இறந்தவர் போட்டுவைத்த கையெழுத்தில் பெயர் மாற்றப் படிவங்களான 29, 30 தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். அது பொய் ஆவணம், மாட்டிக்கொள்வது நீங்கள்.

வண்டி வகை என்ற கட்டத்தையும் எரிபொருள் கட்டத்தையும் உற்றுப் பாருங்கள். மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் கடைசியாக விடைபெற்றன. கொல்கத்தா மஞ்சள் அம்பாசடர் டாக்ஸிகளுக்கு 15 ஆண்டு வரம்பு. இப்படிப்பட்ட டாக்ஸியை வெள்ளையடித்து ‘ஒரே வீட்டு வண்டி’ என்று காட்டினால் ஆர்.சி.யில் ‘மோட்டார் கேப்’ என்ற சொல் காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் என்று எழுதியிருக்கும் அம்பாசடரில் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருப்பதும் சாதாரணம். எஞ்சின் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. பதியாத எஞ்சினோடு வந்தால் சேலம் ஆய்வில் வண்டி நின்றுபோகும்.

டெல்லி வண்டி என்றால் இன்னும் கவனம். டீசல் 10 ஆண்டு, பெட்ரோல் 15 ஆண்டு தாண்டியவற்றுக்கு அங்கே தடை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு பல வண்டிகளின் பதிவு ரத்தாகிவிட்டது. விலை மலிவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பதிவு நடப்பில் இருக்கிறது என்று தளத்தில் காட்டாத வண்டியைத் தொடாதீர்கள்.

கடைசியாக மூன்று தேடல்கள். இ-சலான் பாக்கி, கடன் பதிவு, திருட்டுப் பதிவு. கடன் இருந்தால் வங்கியின் கடிதமும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் அடைத்த கடன்கூட ஆர்.சி.யில் நீக்கப்படாமல் கிடக்கும். கடன் கொடுத்த நிறுவனமே மூடிப்போயிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். திருட்டுப் பதிவுக்கு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வண்டி எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் கொடுத்து அறிக்கை எடுக்கலாம்.

4. தகரம்: வீட்டிலிருந்தே பார்க்கவேண்டியவை

புதிதாக வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குகிறார்கள். எனக்கு எஞ்சின் கடைசிக் கவலை. பத்மினி எஞ்சினுக்கும் அம்பாசடர் எஞ்சினுக்கும் சாமான் கிடைக்கிறது, வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கிரில், குரோம் பட்டைகள், பின் கண்ணாடி, விளக்கு வளையங்கள், ஸ்டீயரிங் கியர் லிங்கேஜ், கதவுப் பிடிகள் காணாமல் போயிருந்தால் அவற்றைத் தேடியே ஒரு வருடம் போகும். எஞ்சின் இறுகிப்போன, ஆனால் சாமான் குறையாத, தகரம் நல்ல வண்டியை நான் தயங்காமல் வாங்குவேன். பளபளப்பாக ஓடிவந்து நிற்கும், அடித்தகரம் போன வண்டியை வாங்கமாட்டேன்.

விற்பவரிடம் வீடியோ கேளுங்கள். ‘சும்மா சுற்றிக் காட்டுங்கள்’ என்று சொன்னால் பெயின்ட் மட்டும்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: காலடி மேட்டை (மிதியடி விரிப்பை) விலக்கி நான்கு பக்கத் தரை, கதவுகளின் அடிவிளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரம், ஜாக்கி போடும் இடம், டிக்கித் தரை, ஸ்டெப்னி குழி, முன் கண்ணாடியின் கீழ் ஓரம், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம். அம்பாசடர் என்றால் முன் டார்ஷன் பார் பிடித்திருக்கும் குறுக்குத் தகரம். பத்மினியும் அம்பாசடரும் பாடியே சேஸிஸாக உள்ள வண்டிகள் என்பதால் இந்த இடங்கள் போனால் வண்டியின் முதுகெலும்பே போனது போல. ஹெரால்டில் பாடி போனாலும் சேஸிஸ் நன்றாக இருந்தால் மீட்கலாம்.

ஊரையும் கணக்கில் எடுங்கள். மும்பை, கொச்சி, சென்னைக் கடலோரக் காற்றில் உப்பு. கொல்கத்தாவில் ஈரம். புனே, பெங்களூரு, கோவை வண்டிகளின் அடித்தகரம் பொதுவாக மேல்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ தனியாக வேண்டும். முதலில் பானெட்டைத் திறந்து வெறும் கையை எஞ்சின் மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சூடேறிய எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் கேமராவைப் புகைக் குழாய்க்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்பு, பெட்ரோல் அதிகம். நிற்காத வெள்ளைப் புகை, தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதிதாகத் தெரியும் டயர் பன்னிரண்டு வயதாக இருக்கும். பத்மினிக்கு 5.20-14, அம்பாசடருக்கு 5.90-15. கடைக்காரரிடம் இருப்பு இருக்கிறதா என்று இப்போதே விசாரித்துவிட்டு, புது செட்டின் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

5. நேரில் ஒரு நாள்

வீடியோவில் எல்லாம் சரி என்றாலும் யாராவது ஒருவர் நேரில் போகவேண்டும். நீங்களே போவது நல்லது. முடியாவிட்டால் அந்த ஊரில் விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அனுப்புங்கள். சேலத்து லாரி புக்கிங் ஆபீஸ்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்த ஊரிலும் அவர்களுக்கு நம்பகமான பட்டறை ஒன்று தெரிந்திருக்கும். என் முதல் பத்மினியைப் பார்த்துச் சொன்னது அப்படிக் கிடைத்த தமிழ் பேசும் மெக்கானிக்தான். ‘அண்ணே, மேலே ராஜா, கீழே பிச்சைக்காரன். வேண்டாம்’ என்றார். அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததை வாங்கினேன்.

போகிறவர் கையில் மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் இருக்கட்டும். சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, முன் மட்கார்டு ஓரமெல்லாம் வைத்துப் பார்க்கவேண்டும். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அடித்தரையைத் தட்டினால் நல்ல தகரம் ‘ணங்’ என்னும், செத்த தகரம் மொத்தென்று சொல்லும்.

சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கவேண்டும். எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே. பின்னால் ஆர்.டி.ஓ. அலுவலகம் இதைத்தான் கேட்கும். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ, அரம் போட்ட பளபளப்போ, மற்ற இடத்தைவிடக் கனமான பெயின்டோ தெரிந்தால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

6. பணம்

மூன்று தவணை. நேரில் பார்த்த பிறகு ஒரு சிறு டோக்கன், என்.ஓ.சி. கைக்கு வந்ததும் பெரும்பகுதி, வண்டி லாரியில் ஏறும்போது மீதி.

ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாக, ஆர்.சி.யில் இருக்கும் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் போகவேண்டும். மைத்துனர் கணக்கு, நண்பர் ஜிபே எதுவும் வேண்டாம். 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

விற்பனை ஒப்பந்தத்தில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், மொத்த விலை, ஒவ்வொரு தவணைக்கும் என்ன ஆவணம் கைமாறும், என்.ஓ.சி. மறுக்கப்பட்டால் டோக்கன் எத்தனை நாளில் திரும்பும் என்பவை இருக்கட்டும். கடைசி வாக்கியம்தான் பலரும் எழுத மறப்பது. வண்டி கைமாறும் நாளில் தேதியும் நேரமும் போட்டு டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த நேரத்துக்கு முந்தைய அபராதம் அவருடையது, பிந்தையது உங்களுடையது.

7. என்.ஓ.சி. கைக்கு வராமல் லாரி பேசாதீர்கள்

ஓமலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் மகாராஷ்டிரத்திலிருந்து பத்மினி ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல வண்டி, நல்ல மனிதர் விற்றது. ‘காகிதம் பின்னால் கூரியரில் வரும்’ என்று பேச்சு. வந்தபின் பார்த்தால் ஆர்.சி. காலாவதி ஆகி இரண்டு வருடம். புதுப்பிக்க வண்டியை அங்கேதான் காட்டவேண்டும். ஒன்பது மாதம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, அதே லாரி வாடகையை மறுபடி கொடுத்துத் திரும்பிப் போய், காட்டிவிட்டு மீண்டும் வந்தது. ஒரு காருக்கு மூன்று பயணம்.

என்.ஓ.சி.க்கு விற்பவர் கொடுக்கவேண்டியது படிவம் 28. இதோடு இன்சூரன்ஸ், மாசுச் சான்று, வரி கட்டிய விவரம், பென்சில் பிரதி, போலீஸ் தரப்புச் சரிபார்ப்பு ஆகியவை போகும். பதிவு அலுவலகம் 30 நாளுக்குள் தரவேண்டும் அல்லது காரணம் சொல்லி மறுக்கவேண்டும் என்று சட்டத்தின் 48-ஆம் பிரிவு சொல்கிறது. என்.ஓ.சி.யில் எந்த ஊர் ஆர்.டி.ஓ.வுக்கு என்று எழுதப்படும் என்பதைக் கவனியுங்கள். சேலத்தில் மேற்கு, கிழக்கு, தெற்கு என்று அலுவலகங்கள் பிரிந்திருக்கின்றன. உங்கள் முகவரி எதன் கீழ் வருகிறது என்பதை முன்பே விசாரித்து விற்பவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வெறுமனே ‘சேலம்’ என்று சொல்லி மாறிப்போனால் திருத்தத்துக்கு மறுபடி ஒரு மாதம்.

விற்பவர் அலுத்துக்கொண்டால் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்: பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்தக் காகிதம் அவரைத்தான் முதலில் காப்பாற்றுகிறது. இதைக் கேட்ட பிறகு தயங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

என்.ஓ.சி.யோடு படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், விற்பவரின் அடையாள நகல் எல்லாம் ஒரே கவரில் வரவேண்டும். அந்தக் கவரை லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். பதிவுத் தபால் அல்லது உங்கள் கைப்பை.

8. எந்த லாரி

ஓட்டிக்கொண்டே வந்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மும்பையிலிருந்து சேலம் 1,100 கிலோமீட்டருக்கு மேல். தெரியாத பிரேக், வயதான டயர், கடைசியில் தொப்பூர்க் கணவாய் இறக்கம். வேண்டாம்.

மூடிய கன்டெய்னர் கேரியர் பாதுகாப்பானது, வாடகை அதிகம். திறந்த மல்டி-கார் டிரெய்லர் மலிவு, கல் தெறிக்கும். திறந்த டிரெய்லரில் வண்டிக்கு உறை போட்டு அனுப்பாதீர்கள். காற்றில் துணி படபடத்து ஆயிரம் கிலோமீட்டரும் பெயின்டை உரசிக்கொண்டே வரும்.

நம் ஊருக்கே உள்ள மூன்றாவது வழி, சங்ககிரி, நாமக்கல் லாரிகள். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் ‘ரிட்டர்ன் லோடு’ பேசினால் வாடகை நன்றாகக் குறையும், டிரைவரோடு தமிழில் பேசலாம். ஆனால் லாரித் தளம் தரையிலிருந்து நெஞ்சு உயரம். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் மண் மேடோ சரக்கு மேடையோ இருப்பது உறுதியான பிறகே இந்த வழி. இரண்டு பலகை வைத்து ஏற்றுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பலகை நழுவினால் முதலில் சைலன்சரும் ஆயில் சம்ப்பும் போகும். மற்ற சரக்கோடு சேர்த்து ஏற்றவும் விடாதீர்கள்.

புக்கிங் சீட்டில் ‘ஓனர் ரிஸ்க்’, அதாவது சேதமானால் உரிமையாளர் பொறுப்பு, என்று அச்சிட்டிருக்கும். 2007-ஆம் ஆண்டு சாலைவழி சரக்குச் சட்டத்தின் கீழ், சரக்கின் மதிப்பை உயர்த்தி அறிவிக்காவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். அதனால் வண்டியின் உண்மை மதிப்பைச் சீட்டில் எழுதவையுங்கள். டிரான்ஸிட் இன்சூரன்ஸ் உண்டு என்று வாயால் சொன்னால் போதாது. உங்கள் சேஸிஸ் எண் அச்சான சான்றிதழ் ஏற்றும் முன்பே கைக்கு வரவேண்டும். சேதமானால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்பதும் அதே சட்டம்.

மேற்குத் தொடர்ச்சி மலைப்பாதையில் மழை கொட்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

9. ஏற்றும் நாள்

பெட்ரோல் மூன்று நான்கு லிட்டர் போதும். ஏற்றி இறக்க அது தாங்கும், கசிந்தாலும் ஆபத்து குறைவு. பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள்.

வீல் கப், பக்கக் கண்ணாடி, ஆன்டெனா, பானெட் சின்னம், பழைய ரேடியோ, டூல் கிட் எல்லாவற்றையும் கழற்றித் தனியே கூரியரில் அனுப்புங்கள். வழியில் காணாமல் போவது எப்போதும் இந்தச் சின்னச் சாமான்தான். மறுபடி கிடைக்காததும் அதுதான்.

பெல்ட் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரத்தின் மேல் சுற்றித் தளத்தோடு இழுக்கவேண்டும். பழக்கமில்லாதவர்கள் சஸ்பென்ஷன் கையிலோ பம்பரிலோ சங்கிலி போடுவார்கள். வண்டி ஒவ்வொரு குழிக்கும் குதிக்கும்போது அந்தப் பழைய இரும்பு வளைந்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை லேசாக மட்டும் இழுங்கள். நாள்கணக்கில் இறுக்கி வைத்தால் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு சுற்றிலும் ஒரே தொடர்ச்சியான வீடியோ. கூரை, கண்ணாடிகள், நான்கு மூலை, உள்ளே, ஓடிய கிலோமீட்டர், கடைசியில் லாரியின் நம்பர் பிளேட். ஏற்கெனவே உள்ள கீறல்களைச் சீட்டில் எழுதி டிரைவரின் கையெழுத்து வாங்குங்கள்.

10. இறக்கும் நாள்

பெரிய டிரெய்லர் ஊருக்குள் வராது. சீலநாயக்கன்பட்டியிலோ கொண்டலாம்பட்டியிலோ பைபாஸ் ஓரம் நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார்கள், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில். ‘சார், கையெழுத்துப் போட்டா நான் கிளம்பிடுவேன்’ என்று அவசரப்படுத்துவார்கள். விடிந்தபின் இறக்கலாம் என்று புக்கிங்கிலேயே எழுதிவையுங்கள். முடியாவிட்டால் நல்ல டார்ச் எடுத்துப் போய், ஏற்றியபோது எடுத்த வீடியோவோடு ஒவ்வொரு மூலையாக ஒப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்து. சேதம் இருந்தால் கையெழுத்துக்கு மேலே அதை எழுதுங்கள். சுத்தமான ரசீதில் கையெழுத்துப் போட்டபின் வழக்கு நிற்பது கடினம்.

அங்கிருந்து வீட்டுக்கு ரெக்கவரி வண்டியில் கொண்டுபோங்கள். ஓட்டிப் பார்க்கும் நாள் இதுவல்ல.

11. சேலம் ஆர்.டி.ஓ.

வேறு மாநிலத்து வண்டியை 12 மாதம் வரை பழைய எண்ணிலேயே வைத்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலம் மறு எண்ணுக்கானது. வாங்கியவர் பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்: பெயருக்குப் படிவம் 30, புது எண்ணுக்குப் படிவம் 27. ஆயுள் வரி வண்டியின் வயதைப் பொறுத்து வரும், பழைய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. ஆய்வாளர் சேஸிஸ், எஞ்சின் எண்களைப் பார்ப்பார். அவை இருக்கும் இடத்தை முன்பே மண்ணெண்ணெய் துணியால் துடைத்துத் தெளிவாக வையுங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், 1500-க்கு மேல் 7,897. 1489 சிசி அம்பாசடருக்கும் 1800 இசுசுவுக்கும் இடையே கட்டணம் இருமடங்குக்கு மேல் மாறுவது இதனால்தான்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, அடிப்படை மாறாத வண்டி என்றால் 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி ‘விண்டேஜ்’ பதிவுக்குப் போகலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போகவேண்டும் என்பவருக்குச் சாதாரணப் பதிவே ஏற்றது.

12. முதல் ஓட்டம், பிறகு மலை

வண்டி வந்ததும் எல்லோருக்கும் ஏற்காடு ஏறத் தோன்றும். ஒரு மாதம் பொறுங்கள்.

முதலில் பிரேக். பத்மினியில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். டிரம்மைக் கழற்றி லைனிங், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொள்வது அதனால்தான். ஹோஸையும் பிரேக் ஆயிலையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் சேர்த்து மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது இளக வைத்துக் கசியச் செய்யும். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

ரேடியேட்டரைக் கழுவிவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் ஊற்றுங்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாயில் படிந்து அடைக்கும். சித்திரை வெயிலில் ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் அப்போது தெரியும்.

ஓமலூர் வரை போய் வாருங்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தூரம். ஒவ்வொரு முறையும் நின்றதும் நான்கு சக்கர டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை என்று அர்த்தம்.

இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தொந்தரவில்லாமல் ஓடிய பிறகு அடிவாரத்திலிருந்து ஏறுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். விடியற்காலையில் கிளம்பினால் சூடும் குறைவு, போக்குவரத்தும் குறைவு. ஏறும்போது வெயிலில் எஞ்சின் திணறி நின்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது என்று பொருள். பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் நின்றால் கிளம்பிவிடும்.

இறங்குவதுதான் பரீட்சை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் பாதி வளைவுக்குள் டிரம் சூடாகிப் பெடல் மிதித்தும் பிடிக்காது. வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். அடிவாரம் வந்ததும் வீல் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.